சீனி வருத்தம்

வேலையில் இருந்தவரை என்னை ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல விட்டவர் யாரும் இல்லை. வளைகுடா நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளன் பிழைப்பு அப்படி. கைதி பாதியில் அழுவார், அதிகாரி பாதியில் "கலாஸ், புரிந்தது" என்பார், வீட்டில் மனைவி பாதியில் குக்கர் விசிலைக் கேட்டு எழுந்து போவார். இப்போது விசாவை முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்புகிறேன். பிரிவு விருந்தில் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்திருக்கிறார்கள். இனிமேல் எந்த நேரத்தைப் பார்த்து எங்கே ஓடப் போகிறேன் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. தமிழ் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இருவரும் "உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க சார்" என்று கேட்டீர்கள். மரியாதைக்குக் கேட்டீர்கள் என்று தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். எழுத்தில் ஒரு வசதி, குக்கர் விசில் அடித்தாலும் வாக்கியம் முடிந்துவிடும்.

கணினி, கோப்பு எண், முத்திரை எதைப் பற்றியும் இதில் சொல்லப்போவதில்லை. அவை ஒரு வாரத்தில் உங்களுக்குப் பழகிவிடும். எல்லாமே பழகிவிட்ட பிறகு என்ன நடக்கும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

நம் வேலை என்ன என்பதை ஒருமுறை எனக்கே சொல்லிக்கொள்கிறேன். வக்கீல் வைத்துக்கொள்ள வழியில்லாத கைதிகள் தாங்களே கைப்பட எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்பும் காகிதங்களில், தமிழில் உள்ளவை நம் மேசைக்கு வரும். படித்து, ஆங்கிலத்தில் நாலு வரிச் சுருக்கம் எழுதி, மூன்று தட்டுகளில் ஒன்றில் வைக்க வேண்டும். முதலாவது புகார்த் தட்டு. அடித்தார்கள், மருந்து தரவில்லை, தண்டனை முடிந்தும் விடவில்லை என்பவை அதில் சேரும். உடனே நீதிபதி பார்வைக்குப் போகும். இரண்டாவது கருணைத் தட்டு. செய்ததற்கு வருந்துகிறேன், மன்னித்து விடுங்கள் என்பவை அதில் தூங்கும். ரமலான் நெருங்கும்போது யாராவது எழுப்புவார்கள், வடிகட்டி, விடுதலைக்கு ஒரு பட்டியலாக்கி மேலே அனுப்புவார்கள். மூன்றாவதற்கு அரசாங்கம் ஏதோ நீளமான பெயர் வைத்திருந்தது. நாங்கள் கலாஸ் தட்டு, அதாவது முடிந்தது தட்டு, என்போம். நீதிமன்றம் தலையிட ஒன்றுமில்லாத காகிதங்கள் அங்கே போய் அடங்கும். வார்டு டிவியில் எப்போதும் மலையாள சீரியல்தான் ஓடுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். தன் மனைவி ஏன் போனை எடுப்பதில்லை என்று நீதிமன்றம் விசாரித்துச் சொல்ல வேண்டும் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். விதிப்படி அதுவும் கலாஸ். வைத்தேன். வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன், சீனி இல்லாமல், எனக்கு சுகர்.

நான் சேர்ந்தபோது மேசையில் எனக்கு மேலே இருந்தவர் ஒரு பெண்மணி. திருச்சியில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர், கணவர் வேலைக்காக இங்கே வந்தவர். என்னைவிட வயதில் சின்னவர். எல்லோரும் டீச்சர் என்பார்கள், நானும் அப்படியே. முதல் நாள் என் முதல் சுருக்கத்தைப் படித்துவிட்டு அவர் சொன்னது இது:

"சார், நீங்க முதல் வரியிலிருந்து படிச்சிருக்கீங்க."

"பின்ன எங்கேயிருந்து டீச்சர் படிக்கிறது?"

"அஞ்சாவது வரியிலிருந்து. நம்ம ஆளுங்க புகார் எழுத மாட்டாங்க, விண்ணப்பம்தான் எழுதுவாங்க. பல்லு உடைஞ்சிருக்கும். ஆனா தங்கள் பொன்னான நேரத்தை வீணாக்குவதற்கு மன்னிக்கவும்னுதான் ஆரம்பிப்பாங்க. அந்த மன்னிக்கவும்-ஐ நீங்க மொழிபெயர்த்தா கருணைத் தட்டுக்குப் போயிடும். பல்லு ரமலான் வரைக்கும் காத்துக்கிட்டிருக்கும்."

இதைவிடப் பயனுள்ள பாடத்தை எனக்கு யாரும் நடத்தியதில்லை. உருது மேசைக்காரர் கூட, "பாய், உங்கள் ஆட்கள் மட்டும் ஏன் அடிபட்டுவிட்டு மன்னிப்புக் கேட்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறார். ஐந்தாம் வரி விதியைப் பிடித்துக்கொண்டேன். வேகம் வந்தது. வேகத்தோடு ஒரு செருக்கும் வந்தது. காகிதத்தைக் கையில் எடுக்கும்போதே எந்தத் தட்டு என்று சொல்லிவிடுவேன் என்று வருவோர் போவோரிடம் பெருமையடித்தேன்.

அப்படி ஒரு நாள் தவராசாவின் காகிதத்தை எடுத்தேன்.

இலங்கைக்காரர், மன்னார்ப் பக்கம். ராஸ் அல் கைமாவில் ஒரு கல் குவாரியில் லாரி ஓட்டியவர். டீசல் திருட்டு வழக்கில் உள்ளே வந்திருந்தார். காகிதத்தின் தலைப்பில் "முறைப்பாடு" என்று இருந்தது. முறையீடு என்பதை எழுதத் தெரியாமல் எழுதியிருக்கிறார் என்று மனதுக்குள் திருத்திக்கொண்டேன். முதல் நான்கு வரி பணிவு, தாண்டினேன். ஐந்தாம் வரியிலிருந்து அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

"எனக்கு சீனி வருத்தம். இப்ப கடும் வருத்தம். இனி நடக்க ஏலாது. தயவுசெய்து பார்க்கவும்."

உங்களில் ஒருவருக்கு யாழ்ப்பாணத்தில் மாமியார் வீடு என்று கேள்விப்பட்டேன். நீங்கள் இதற்குள் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நான் மதுரைக்காரன். எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு சீனி உண்டு. சீனிவாசன், சீனிச்சாமி எல்லோருமே சீனிதான். ஆகவே சீனி என்பவருக்கு இவர் ஏதோ தீங்கு செய்திருக்கிறார், அதை நினைத்து வருந்துகிறார், இனிமேல் அப்படி நடக்காது என்று உறுதி கொடுக்கிறார். இரண்டு நிமிஷத்தில் சுருக்கம் தயார். "மனுதாரர் சீனி என்பவர் விஷயமாக ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கிறார். இனி இவ்வாறு நடக்காது என்கிறார்." டீச்சரிடம் காட்டினேன். காகிதத்தையும் சுருக்கத்தையும் படித்தார்.

"எவ்வளவு சுருக்கமா மனசைத் திறந்து வச்சிருக்காரு பாருங்க," என்றார்.

கருணைத் தட்டு.

சில மாதம் கழித்து அதே கையெழுத்தில் இன்னொன்று வந்தது. "முதல் அனுப்பினதுக்கு ஒரு பதிலும் இல்லை. வருத்தம் கூடிப் போச்சு. இப்ப மற்றதுக்கும் வந்திட்டுது." நான் எழுதியது, சொன்னால் நம்பமாட்டீர்கள், கோப்பில் இன்னும் இருக்கிறது: "மனுதாரரின் வருத்தம் முன்பைவிட அதிகரித்துள்ளது. தற்போது மற்ற தவறுகளுக்கும் வருந்துகிறார்."

மறுபடியும் கருணைத் தட்டு. இவ்வளவு சீராக வளரும் மனந்திருந்தலை நாங்கள் பார்த்ததே இல்லை.

ரமலான் நெருங்கியது. பட்டியல் தயாரித்தவர் ஒரு சூடான்காரர். சட்டம் படித்தவர், அமைதியானவர், மரியாதையாக எல்லோருக்கும் அவர் உஸ்தாத். பட்டியலில் போடுவதற்கு முன் ஒவ்வொரு கைதியையும் சிறையிலிருந்து வீடியோவில் அழைத்து, உண்மையாகவே வருந்துகிறாரா என்று ஒரு கேள்வி கேட்பார். தமிழர்கள் என்றால் பக்கத்தில் நான். தவராசாவின் காகிதங்கள் உஸ்தாதுக்கு ரொம்பப் பிடித்திருந்தன. "இவர் பெயரை முதலில் போடலாம் என்றிருக்கிறேன்," என்றார். பட்டியல் அன்று மாலை மேலே போக வேண்டும்.

வீடியோவில் கைதி நெஞ்சு வரைக்கும்தான் தெரிவார். கேமராவை அந்த உயரத்தில் பொருத்தியிருந்தார்கள். நீதிமன்றத்தைப் பொறுத்தவரை நெஞ்சுக்குக் கீழே கைதி கிடையாது. தவராசா நாற்பதைத் தாண்டிய ஆள், மெலிந்த முகம், முகச்சவரம் செய்து தலைவாரி வந்திருந்தார். எங்களைக் கண்டதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து, விடுதலை வாடை அடித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"வருந்துகிறாரா, கேளும்," என்றார் உஸ்தாத்.

"தவராசா, உங்களுக்கு வருத்தமா?"

"ஓம் சேர். கடும் வருத்தம். எழுதினனான்தானே."

"எப்போ இருந்து?"

"இஞ்ச வந்து கொஞ்ச நாளிலேயே தொடங்கிட்டுது சேர். ராவில நித்திரையே இல்ல."

சிறைக்கு வந்த சில நாட்களிலேயே மனம் வருந்தத் தொடங்கிவிட்டார், இரவில் தூக்கமில்லை என்று மொழிபெயர்த்தேன். உஸ்தாத் "மாஷா அல்லாஹ்" என்று தலையசைத்துப் பேனாவை எடுத்தார். பெயருக்கு நேரே அடையாளம் வைக்கும் முன் நிறுத்தினார்.

"இந்தச் சீனி யார்? பாதிக்கப்பட்டவர்தானே? அவரும் மன்னித்துவிட்டதாக ஒரு வார்த்தை கிடைத்தால் நல்லது. எங்கே இருக்கிறார், கேளும்."

"சீனி இப்போ எங்கே இருக்கார்?"

தவராசா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எங்க இருக்கிறதோ? ரத்தத்திலதான் சேர்."

டீசல் திருட்டு வழக்கு என் கண்ணெதிரே கொலை வழக்காகிக்கொண்டிருந்தது.

"என்ன சொல்கிறார்?" என்றார் உஸ்தாத்.

"ஒரு நிமிஷம் உஸ்தாத்." நான் திரையை நெருங்கிக் குரலைத் தாழ்த்தினேன். "தவராசா, பயப்படாமச் சொல்லுங்க. சீனி உயிரோட இருக்காரா?"

"சேர் என்ன கதைக்கிறீங்கள்? சீனி சேர், சீனி! தேத்தண்ணிக்குப் போடுறது. எனக்குச் சீனி வருத்தம். காலில புண். முதல் ஒரு கால், இப்ப மற்றக் காலுக்கும் வந்திட்டுது. ஒரு அடி நடக்க ஏலாது, ரெண்டு பேர் பிடிச்சுத்தான் இந்தக் கதிரையில கொண்டுவந்து வச்சவங்கள். கிளினிக்குக்குப் போனா காய்ச்சலுக்குக் குடுக்கிற பனடோல் தாறாங்கள். அதைத்தானே சேர் ரெண்டு தரம் முறைப்பாடு எழுதினனான்?"

அவர் ஊரில் வருத்தம் என்றால் நோய். சீனி வருத்தம் என்றால் என் மேசை இழுப்பறையில் மாத்திரையாகக் கிடக்கும் அதே சுகர். முறைப்பாடு என்றால் புகார். தலைப்பிலேயே எந்தத் தட்டு என்று எழுதித்தான் அனுப்பியிருந்தார். இனி நடக்காது என்று அவர் எங்களுக்கு உறுதி கொடுக்கவில்லை, தன்னால் நடக்க முடியவில்லை என்று சொல்லியிருந்தார். ஒரு சொல்கூடத் தப்பாக எழுதாத மனுஷர்.

நான் ஈழத்து நாவல்களைத் தேடித் தேடிப் படிக்கிறவன் என்று இந்த அலுவலகத்துக்கே தெரியும். சாப்பாட்டு வேளையில் அதைப்பற்றி நான் ஆற்றும் சொற்பொழிவைத் தவிர்க்கவே பலர் வெளியில் போய்ச் சாப்பிட்டார்கள். அந்த நாவல்களில் வருத்தம் வந்து படுக்கையில் கிடந்தவர்கள் எத்தனை பேர்! ஒருவரைக்கூட நான் மனம் வருந்திப் படுத்திருப்பதாக எடுத்துக்கொண்டதில்லை. கதையில் வந்தபோது புரிந்த சொல் மனுவில் வந்தபோது ஏன் புரியவில்லை? கதையை என்ன நடக்கிறது என்று அறியப் படித்தேன். மனுவை எந்தத் தட்டு என்று அறியப் படித்தேன். நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான், நீங்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அந்த வீடியோ அதோடு முடியவில்லை.

உஸ்தாதிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அங்கேயே போனை எடுத்து, சிறையில் யாரையோ பிடித்து, நான் அதுவரை அவரிடம் கேட்டிராத குரலில் அரபியில் பேசினார். "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்தியது மட்டும் எனக்குப் புரிந்தது. போனை வைத்துவிட்டு, "இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். சொல்லும்," என்றார். சொன்னேன். தவராசா இரண்டு கையையும் கூப்பினார்.

பிறகு உஸ்தாத் பட்டியலைப் பார்த்தார். அடையாளம் வைக்காத பெயர் அப்படியே இருந்தது.

"நோயாளி, சரி. ஆனால் இந்தப் பட்டியல் நோயாளிகளுக்கானது இல்லை, வருந்துகிறவர்களுக்கானது. இவர் பெயருக்கு நேரே நான் என்ன எழுதட்டும்? செய்த குற்றத்துக்கு வருந்துகிறாரா, கேளும். சரியாகக் கேளும்."

எந்தச் சொல்லால் கேட்பது? என்னிடம் இருந்த ஒரே சொல் அப்போதுதான் கெட்டுப்போயிருந்தது.

"தவராசா, செஞ்சதை நினைச்சு மனசு வேதனைப்படுறீங்களா?"

"என்ன செய்ததை?"

"அந்த டீசல்..."

"அது நான் எடுக்கேல்ல சேர். வழக்கு நடக்கேக்கயும் அதைத்தான் சொன்னனான். எடுக்காததுக்கு என்னெண்டு கவலைப்படுறது?"

சொல்லிவிட்டு நிறுத்தினார். விவரமான ஆள். உஸ்தாதின் கையில் பேனாவும் அதன் கீழே காகிதமும் அவருக்குத் திரையில் தெரிந்திருக்க வேண்டும்.

"சேர், இது வீட்ட விடுறதுக்குக் கேக்கிற கேள்வியோ?"

கைதி கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லும் அதிகாரம் நமக்குக் கிடையாது, கடத்துவது மட்டும்தான் நம் வேலை. முதல் நாளே அதற்குக் கையெழுத்து வாங்குகிறார்கள், நீங்களும் போட்டிருப்பீர்கள்.

"அப்பிடியெண்டாச் சொல்லுங்கோ," என்றார் தவராசா. "நீங்க என்ன சொல்லச் சொல்லுறீங்களோ அதைச் சொல்லுறன்."

உஸ்தாத் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "ரொம்ப நேரமாக ஏதோ சொல்கிறாரே," என்றார். ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றுமில்லை, எதிர்க் கட்டடத்தின் ஏசிகள்தான்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "ஆமான்னு சொல்லுங்க" என்று. அதைக்கூடச் சொல்ல வேண்டாம், கண்ணைக் காட்டியிருந்தால் போதும். இல்லை, எதையுமே காட்டாமல் உஸ்தாத் பக்கம் திரும்பி, "மிகவும் வேதனைப்படுகிறார்" என்றிருக்கலாம். அது பொய்கூட இல்லை. ஆனால் என் மொழிபெயர்ப்பால் ஒரு மனிதனின் கால் அழுகிக்கொண்டிருந்தது என்று தெரிந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இனி ஒரு சொல்லையும் என் இஷ்டத்துக்கு வளைக்கக் கூடாது என்று பயந்து போயிருந்தேன். அதுவரை மனம்போன போக்கில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவன், அந்த நிமிஷம் பார்த்து யோக்கியனாகிவிட்டேன். அவர் சொன்ன அத்தனையையும், கடைசி வாக்கியம் உட்பட, அட்சரம் பிசகாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். என் பணிக்காலத்திலேயே மிகத் துல்லியமான மொழிபெயர்ப்பு அது.

உஸ்தாத் பட்டியலைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு பெயரின் மேல் ஒரு கோடு போட்டார். மெதுவாகத்தான் போட்டார்.

"நீர் கொஞ்சம் சுருக்கமாக மொழிபெயர்த்திருக்கலாம்," என்றார்.

அதற்கு மேல் அவரால் சொல்ல முடியாது. அந்த ஜன்னலை அவர் ஏன் பார்த்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. இவ்வளவு தாமதமாகப் புரிந்துகொள்கிறவனை மொழிபெயர்ப்பாளன் என்கிறார்கள்.

மேசைக்குத் திரும்பி டீச்சரிடம் சொன்னேன். பாதியில் குறுக்கே பேசாமல் கேட்ட ஒரே ஆள் அவர்தான், அதுவும் அந்த ஒரு முறை. கேட்டு முடித்துவிட்டு, "நானா இருந்தாலும் நீங்க சொன்ன மாதிரி அப்படியேதான் சொல்லியிருப்பேன் சார்," என்றார். எனக்கு ஆறுதலாக இருந்தது. பிறகு, "அதான் எனக்குப் பயமா இருக்கு," என்றார். ஆறுதல் போய்விட்டது.

உடனே எழுந்து கருணைத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மேலே போறதுக்குள்ள எல்லாத்தையும் மறுபடி படிக்கணும். சார்னு எழுதினவங்களைத் தனியா வைங்க. சேர்னு எழுதினவங்களை எங்கிட்ட குடுங்க."

இலங்கைக்காரர்களை அப்படித்தான் பிரித்தோம். எண்டு, ஏலாது, கதைச்சது என்று எழுதிய ஒவ்வொரு காகிதத்தையும் இம்முறை முதல் வரியிலிருந்து படித்தோம். டீச்சர் தனக்குத் தெரிந்த திருகோணமலை நர்ஸ் ஒருவருக்குப் போன் போட்டு, யார், எங்கே என்று சொல்லாமல், வெறும் சொற்களாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். வருத்தம் என்று எழுதிய வேறொருவர் அகப்பட்டார். அவருக்கு உண்மையிலேயே வருத்தம்தான், அதாவது நம் ஊர் வருத்தம். அவரை மறுபடி தட்டில் வைத்தபோது டீச்சர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐந்தாம் வரி விதியை அதன்பின் அவர் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு மட்டும் அந்த விதி தப்பென்று இன்றும் தோன்றவில்லை. அது எத்தனையோ பேரின் பல்லைக் காப்பாற்றியது. வேலையைச் சுலபமாக்கும் எந்த விதியும் நல்ல விதிதான், அது யாருக்குப் பொருந்தவில்லையோ அவர் நம் எதிரே வந்து உட்காரும் வரைக்கும்.

சில நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் கேட்டார்கள். அறுவைக்கு முன் தமிழில் விளக்கிச் சொல்ல ஒருவர் வேண்டுமாம். வேறு யாரையாவது அனுப்பச் சொல்லியிருக்கலாம். நானே போனேன். காரில் போகும்போது சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன், நல்ல நல்ல வாக்கியங்கள்.

தவராசா கட்டிலில் சாய்ந்திருந்தார். வாசலில் காவலர் போனில் மூழ்கியிருந்தார். டாக்டர் வந்து விளக்கினார். காலை எடுக்க வேண்டியதில்லை, ஆனால் ஒரு காலில் சில விரல்கள் போகும். சொன்னேன். கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார். டாக்டர் போனபின் நான் கிளம்பாமல் நின்றேன்.

"சேர், அந்தப் பட்டியல் போயிட்டுதோ?"

"போயிடுச்சு."

"என்ர பேர்?"

"இல்லை."

தலையாட்டினார். "ஓம் எண்டு சொல்லியிருக்கலாம். நீங்க ஒருக்காக் கண்ணைக் காட்டியிருந்தாலும் சொல்லியிருப்பன்." குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது பேசிக்கொள்வார்களே, அப்படி ஒரு குரல்.

"காட்டியிருக்கலாம்," என்றேன்.

"காட்டியிருக்கலாம்," என்றார் அவரும்.

ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. வாயில் வந்தது நான் பிறந்ததிலிருந்து பேசிவரும் தமிழ்தான்.

"எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு, தவராசா."

அவர் சட்டென்று நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கட்டிலுக்குக் கீழே எட்டி என் காலைப் பார்த்தார்.

"உங்களுக்குமோ சேர்? சீனியோ?"

இல்லை, நான் சொன்னது வேறு என்று விளக்கியிருக்கலாம். அதுதானே என் தொழில். ஆனால் சுகர் எனக்கு இருப்பதும் உண்மைதான்.

"ஆமா," என்றேன்.

"ஐயோ. மருந்து ஒழுங்காப் போடுறீங்களோ? காலைப் பாக்கிறனீங்களோ? ஒருத்தரும் பாக்கமாட்டினம், நாங்கதான் பாக்கோணும். சப்பாத்தைக் கழட்டுங்கோ, ஒருக்காப் பாப்பம்."

"இருக்கட்டும் தவராசா, பரவாயில்லை..."

"கழட்டுங்கோ சேர்."

கழற்றினேன். சாக்ஸையும் கழற்றினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் சொன்னபடி காலைக் கட்டில் ஓரத்தில் வைத்தேன். வாசலில் இருந்த காவலர் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். தவராசா கட்டுப் போட்ட தன் கால்களைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, என் குதிகாலைக் கையில் ஏந்தி, அடிப்பாதத்தைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு விரலாகப் பிரித்து இடையில் பார்த்தார். மற்றக் காலையும் கேட்டார். சுண்டுவிரலில் ஷூ கடித்த இடத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்து வெகுநேரம் பார்த்தார். ஒன்றையும் தாண்டவில்லை.